அந்த விளையாட்டறை யாருக்கு?

சென்ற மாசி மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டே இரண்டு அறை. அதில் ஒன்றைப் பதினாறு மாதப் பிள்ளைக்கு விளையாட்டறையாக மாற்றியிருந்தாள். சுவரில் வானவில் ஒட்டுப்படம், வெளிர்நிற மரத்தில் குட்டி அலுமாரி, ஏறி இறங்க ஒரு மரச்சட்டம், கூடாரம், விளையாட்டுச் சமையலறை, பந்து நிரப்பிய தொட்டி. வாசலில் பிள்ளையின் பெயர் எழுதிய விளக்கு. உண்மையாகவே அழகாக இருந்தது. போனவுடன் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தது நான்தான்.

படத்தில் பிள்ளை இல்லை. அவள் குசினியில் மேசைக்குக் கீழே, அம்மம்மாவின் நீத்துப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருந்தாள்.

"எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்டேன். அக்கா பேசாமல் இருந்தாள். அத்தான்தான் சொன்னார்: "ரெண்டாயிரத்து நானூறு டொலர்." பாதிக்கு மேல் கடன் அட்டையில். அதை அடைக்க அக்கா இப்போது சனியும் ஞாயிறும் இரவு வேலைக்குப் போகிறாள். அந்த இரண்டு இரவும் பிள்ளையை நித்திரையாக்குவது அம்மம்மா.

பிள்ளைக்கென்று போட்ட அறை, பிள்ளையிடமிருந்து தாயின் இரண்டு இரவுகளைப் பறித்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

அக்காவைத் திட்ட இதை எழுதவில்லை. திட்டுவதென்றால் முதலில் என்னைத் திட்டவேண்டும். அடுத்தது உங்களை.

அந்தப் பட்டியலைப் போட்டது நான். அக்கா ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, "எனக்குப் பாக்க நேரமில்லையடி, பிள்ளையின்ர அறைக்கு என்னென்ன வேணும் எண்டு நீ பாத்து அனுப்பு" என்றாள். நான் பேருந்தில் இருந்துகொண்டு விரலைத் தள்ளித் தள்ளி நாற்பது இணைப்புகளை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். எனக்குப் பிள்ளையும் இல்லை, கட்டவேண்டிய பில்லும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு இதயம் மட்டும் போட்டேன். அவளுக்கு அந்த இதயங்கள், "இது இல்லாவிட்டால் நீ நல்ல தாய் இல்லை" என்று வாசிக்கப்பட்டிருக்கின்றன. பிறகுதான் சொன்னாள்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் சித்தி ஆகியிருப்பீர்கள், மாமா ஆகியிருப்பீர்கள், அத்தையாகவோ சித்தப்பாவாகவோ ஆகியிருப்பீர்கள். குடும்பத்தில் கைபேசி ஓடத் தெரிந்த ஆட்கள் நாங்கள். எது "இப்ப எல்லாரும் வாங்கிறது" என்று அண்ணாவுக்கும் அக்காவுக்கும் சொல்லுகிறவர்கள் நாங்கள். அறையைப் படம் எடுத்துப் போடுகிறவர்களும் நாங்களே. ஆகவே இந்த வழக்கில் நாங்கள் சாட்சிகள் இல்லை, குற்றவாளிகள்.

என் வாதம் சுருக்கமானது. தவழ்ந்து எழும்பி நடக்கும் வயதுப் பிள்ளைக்கு விளையாட்டறை தேவையில்லை. ஆபத்து இல்லாத ஒரு நிலமும், கொஞ்சச் சாமானும், பக்கத்தில் ஒரு ஆளும் போதும். மற்றதெல்லாம் எங்களுக்காக நாங்கள் வாங்குவது. அதற்குப் பிள்ளையின் பெயரைச் சொல்லக்கூடாது.

"கனக்க இருந்தால்தானே பிள்ளையின் மூளை வளரும்?" என்று கேட்பீர்கள். 2018-இல் அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சின்னச் சோதனையை வெளியிட்டார்கள். 36 சிறு பிள்ளைகள். ஒருமுறை 4 விளையாட்டுப் பொருட்களோடு விட்டார்கள், இன்னொருமுறை 16 பொருட்களோடு விட்டார்கள். 4 பொருட்கள் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூடிய நேரம் இருந்தார்கள். அதே பொருளை உருட்டியும் அடுக்கியும் தட்டியும் கவிழ்த்தும் பல விதமாக விளையாடினார்கள். 16 இருந்தபோது ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவினார்கள். 36 பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது, சரி. ஆனால் அக்கா வீட்டு அறையில் அரை மணித்தியாலம் இருந்து பார்த்தேன். பிள்ளை அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்து நிலத்தில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். பிறகு குசினிக்குப் போய்விட்டாள்.

"ஆனால் இது மொண்டிசோரி அலுமாரி" என்பீர்கள். இந்தப் பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். மரியா மொண்டிசோரி ஒரு மருத்துவர். 1907 தை மாதம் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற பகுதியில் தன் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளில் திரிந்த பிள்ளைகளுக்காகத் திறந்த இடம். அங்கே பிள்ளைகள் கை கழுவினார்கள், கூட்டினார்கள், பொத்தான் பூட்டப் பழகினார்கள். பிள்ளையின் உயரத்துக்கு மேசை கதிரை இருக்கவேண்டும், பெரிய ஆட்கள் செய்யும் வேலையைப் பிள்ளையும் செய்யவேண்டும், இதுதான் அங்கே நடந்த புதுமை. பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்காகத் தொடங்கிய ஒன்றின் பெயரை இன்றைக்கு முந்நூறு டொலர் அலுமாரியில் ஒட்டி எங்களுக்கே விற்கிறார்கள். அந்தப் பெயரை யாரும் எந்தப் பெட்டியிலும் ஒட்டலாம், கேட்பார் இல்லை. அம்மம்மா பிள்ளையின் கையில் ஒரு கோப்பை பயறைக் கொடுத்து "இதை அந்தச் சட்டிக்குள்ள கொட்டு பாப்பம்" என்று பக்கத்தில் இருந்தாரே, அதுதான் அசல். அதற்கு ஒரு சதமும் போகவில்லை.

ஒன்ராறியோ ஏரிக்கு அந்தக் கரையில், நியூயோர்க் மாநிலத்து ரொசெஸ்டர் நகரில், விளையாட்டுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பெயர் 'தி ஸ்ட்ரோங்'. அங்கே உலகின் சிறந்த விளையாட்டுப் பொருட்களுக்கு ஒரு பெருமைப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் 2005-இல் மட்டைப் பெட்டியைச் சேர்த்தார்கள். 2008-இல் தடி. 2011-இல் போர்வை. 2021-இல் மணல். விளையாட்டுப் பொருட்களைச் சேகரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்த தெரிவு இது. யாழ்ப்பாணத்தில் நுங்குக் கோம்பையில் வண்டில் செய்து உருட்டிய அப்பாவுக்கு இது புதினமே இல்லை. உங்கள் வீட்டுக்கு அலுமாரி வந்த பெட்டியை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அலுமாரியைத் திருப்பி அனுப்பியிருந்தாலும் நட்டமில்லை.

அடுத்தது பேசும் பொம்மைகள். பொத்தானை அமத்தினால் பாடும், நிறம் சொல்லும், மிருகம் மாதிரிக் கத்தும். 2016-இல் வடக்கு அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. 10 முதல் 16 மாதப் பிள்ளைகள் பெற்றோரோடு விளையாடுவதை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். 26 சோடிகள். மின்கலத்தில் இயங்கும் பொம்மை இருந்தபோது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள். சாதாரணக் கட்டைகளும் புதிர்களும் இருந்தபோது கூடப் பேசினார்கள். புத்தகம் இருந்தபோது இன்னும் கூட. காரணம் விளங்குகிறது. பொம்மை பேசினால் மனுசர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இது எங்களுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு முக்கியம். அந்தப் பொம்மைக்குத் தமிழ் தெரியாது. பிள்ளைக்கு நான்கு வயதானதும் பள்ளிக்கூடம் வந்து அவளை ஆங்கிலத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும், அதை யாரும் தடுக்க முடியாது. அதற்கு முந்திய சில வருடங்கள்தான் அம்மம்மாவுக்குக் கிடைத்த காலம். அதையும் காசு கொடுத்து ஒரு பிளாஸ்ரிக் நாய்க்கு எழுதிக் கொடுக்கிறோம். பிறகு பதினைந்து வயதில் அவள் தமிழ் பேசவில்லை என்று கல்யாண வீட்டில் நின்று கவலைப்படுகிறோம். சுவரில் தமிழ் எழுத்துப் படம் ஒட்டியிருக்கிறோம் என்று தப்பப் பார்க்கவேண்டாம். பதினாறு மாதப் பிள்ளைக்கு ஐந்தடி உயரத்தில் ஒட்டிய ஆனா ஆவன்னா, வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு ஒட்டியது. ஆனாவை விட அவளுக்கு அப்பளம் தேவை. அதைக் கையில் கொடுத்து, "அப்பளம், நொறுக்கு" என்று சொல்ல ஒரு ஆள் தேவை.

இனி எனக்கு மிகவும் கஷ்டமான எதிர்வாதம். அதைச் சொன்னது அம்மா. "உங்களுக்கு நாங்கள் ஒண்டும் வாங்கித் தரேல்ல. அவளாவது தன்ர பிள்ளைக்குச் செய்யட்டுமன்."

இதைக் கேட்டு நான் சிரிக்கமாட்டேன், நீங்களும் சிரிக்காதீர்கள். எண்பத்து மூன்றுக்குப் பிறகு வந்த எங்கள் பெற்றோர், ஒரு அறையில் நான்கு பேர் படுத்து எழும்பியவர்கள். தேவாலயத்தில் கொடுத்த பையில் இருந்த காது பிய்ந்த முயல்தான் எனக்கும் அக்காவுக்கும் பொதுப் பொம்மை. அந்த முயலை நினைத்து அம்மா இன்றைக்கும் வெட்கப்படுகிறார். அக்காவின் அறையில் இருக்கும் ஒவ்வொரு சாமானும் அந்த முயலுக்குப் பதில்.

ஆனால் நான் யோசித்துப் பார்க்கிறேன். அந்த நாட்களில் எனக்குக் குறைந்தது என்ன? முயலின் காது இல்லை. அம்மா பகலில் தொழிற்சாலையில், இரவில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போனார். அப்பா இரண்டு வேலை. கதவுத் திறப்புச் சத்தம் கேட்கும்வரை நித்திரை வராமல் கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்குக் குறைந்தது அம்மா. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை, வாடகை கட்டவேண்டியிருந்தது. அக்காவுக்கு வழி இருந்தது. நாங்கள் அவளுக்குப் பிழையான வழியைக் காட்டினோம். முயலுக்குப் பழிவாங்கப் போய், கதவுச் சத்தத்துக்குக் காத்துக் கிடப்பதை அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துவிட்டோம்.

கணக்கையும் பார்ப்போம், காசு கூச்சப்படவேண்டிய விசயம் இல்லை. கனடாவில் பிள்ளையின் பெயரில் ஆர்.ஈ.எஸ்.பி. என்ற கல்விச் சேமிப்புக் கணக்குத் திறக்கலாம். அதில் போடும் காசுக்கு அரசு 20 வீதம் மேலே போடும், வருடத்துக்கு 500 டொலர் வரை. 2,400 டொலர் போட்டிருந்தால் 480 டொலர் சும்மா வந்திருக்கும். வருமானம் குறைந்த குடும்பமென்றால், நீங்கள் ஒரு சதம் போடாவிட்டாலும், கற்றல் பத்திரம் என்று அரசு முதலில் 500, பிறகு தகுதியுள்ள ஒவ்வொரு வருடமும் 100 என்று, மொத்தம் 2,000 டொலர் வரை போடும். கணக்கைத் திறந்தால் போதும். மறுபக்கம், பல கடன் அட்டைகளின் வட்டி வருடத்துக்கு 20 வீதத்தை ஒட்டியது. அரசு 20 வீதம் தரும் இடத்தை விட்டுவிட்டு, வங்கி 20 வீதம் எடுக்கும் இடத்தில் காசைப் போட்டோம். பந்துத் தொட்டிக்காக.

அப்படியென்றால் ஒன்றுமே வாங்கக்கூடாதா? வாங்கவேண்டும். படத்தில் விழாத சாமான்களை முதலில் வாங்கவேண்டும்.

முதலாவது, அலுமாரியையும் தொலைக்காட்சியையும் சுவரோடு கட்டும் பட்டி. பிள்ளை லாச்சியை இழுத்துப் படியாக வைத்து ஏறும், அலுமாரி அப்படியே மேலே விழும். பட்டியைச் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் ஆணி திருகிப் பூட்டவேண்டும், வெறும் சுவர்ப்பலகை தாங்காது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பேஸ்மென்ட் என்றால் படிக்குக் கீழே ஒரு தடுப்புக் கதவு. மேல்படியில் போடுவதென்றால் திருகிப் பூட்டும் வகைதான், நெருக்கி நிறுத்தும் வகை அங்கே கூடாது. யன்னல் திரையின் கயிற்றை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். பொத்தான் மின்கலம் உள்ள எதையும், பாடும் வாழ்த்து அட்டையைக்கூட, பிள்ளையின் கைக்கு விடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயை எரித்துவிடும். சின்னச் சாமானுக்கு ஒரு எளிய சோதனை: மலசலகூடக் கடதாசியின் மட்டை உருளைக்குள் போகுமென்றால், அது மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு உரியதல்ல.

இன்னொன்று. பிள்ளையை உள்ளே இருத்தி ஓடவிடும் சக்கர வோக்கரைக் கனடா 2004-இல் தடைசெய்துவிட்டது. புதிதாகவும் விற்க முடியாது, பாவித்ததாகவும் விற்க முடியாது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் முடியாது. படியால் உருண்டு தலை அடிபட்ட பிள்ளைகள் கனபேர். மாமி ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை பின்னால் நின்று தள்ளும் எங்கள் பழைய மர நடைவண்டி வேறு சாதி. இது வேறு சாதி.

இவற்றுக்குப் பிறகுதான் விளையாட்டுச் சாமான். அக்காவும் நானும் பிறகு இருந்து புதிதாக ஒரு பட்டியல் போட்டோம், இந்தமுறை பேனையால். பாவித்த பொருள் கடையில் ஒரு பை மரக்கட்டைகள். ஒரு பந்து. தடித்த மெழுகு வர்ணக் கட்டிகளும், நிலத்தில் விரித்து ஒட்டப் பழுப்புக் கடதாசியும். நிலம் குளிர் என்பதால் ஒரு பாய். மிச்சம் குசினியிலும் அலுமாரியிலும் இருந்தது: சட்டி, மூடி, மரக்கரண்டி, சுளகு, பழைய சேலை, தலையணைகள், மட்டைப் பெட்டி. சேலையைக் கதிரைக்கு மேல் விரித்தால் கூடாரம். தலையணையைக் குவித்தால் ஏறும் மலை. சுவருக்குப் பிள்ளையின் கண் உயரத்தில், நிலத்திலிருந்து இரண்டடி இரண்டரை அடியில், குடும்பத்து ஆட்களின் படங்கள். அப்பம்மா, பெரியப்பா, லண்டனில் இருக்கும் மாமா. அவளுக்கு இப்போது முறை சொல்லத் தெரியும். பட்டிகளும் தடுப்புக் கதவும் சேர்த்து நூற்று இருபது டொலருக்குள் முடிந்தது. சாமானில் பாதியைப் பெட்டியில் போட்டு மேலே வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றுங்கள். திரும்பி வரும் பழையது அவளுக்குப் புதியது.

தண்ணீர் விளையாட்டு எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் நல்லது. ஒரு தட்டு, இரண்டு கோப்பை போதும். ஆனால் எழும்பிப் போகக்கூடாது. அரைச் சாண் தண்ணீரே ஆபத்து. முடிந்தவுடன் ஊற்றிவிடுங்கள்.

"ஐந்து மாதம் பனி, பிள்ளை எங்கே ஓடும்?" என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஒன்ராறியோவில் ஏர்லிஓன் நிலையங்கள் இருக்கின்றன. பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரை, காசில்லை. ரொறன்ரோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன, பிந்திக் கொடுத்தால் தண்டப்பணமும் இல்லை. அந்த அறைகள் எல்லாம் உங்கள் வரியில் போட்ட விளையாட்டறைகள். அங்கே இன்னொரு பிள்ளையும் இருக்கும், அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கைக்குழந்தையோடு தனியே வீட்டில் கிடக்கும் தாய்க்குப் பேச ஒரு ஆளும் கிடைக்கும்.

அக்கா பந்துத் தொட்டியையும் கூடாரத்தையும் விற்றுவிட்டாள். வாங்கிய விலையில் மூன்றில் ஒன்றுதான் வந்தது. ஞாயிறு இரவு வேலையை விட்டுவிட்டாள், சனி இரவு இன்னும் போகிறாள். கடன் ஆவணி மட்டும் இருக்கும். சனிக்கிழமைகளில் நான் போய் நிற்கிறேன். நான் அனுப்பிய நாற்பது இதயங்களுக்கு அது தண்டம்.

உங்கள் குடும்பத்திலும் சீக்கிரம் ஒரு முதலாம் பிறந்தநாள் வரும். மண்டபம் எடுப்பார்கள், இருநூறு பேர் வருவார்கள், மூலையில் பெட்டிகள் மலையாகக் குவியும். அந்த மலையில் இன்னொரு பெட்டியை வைக்காதீர்கள். காசு இருந்தால் கவரில் போட்டு, "கல்விக் கணக்குக்கு" என்று வெளியே எழுதிக் கொடுங்கள். காசு இல்லாத மாணவர் என்றால் இன்னும் நல்லது. அக்காவையோ அண்ணியையோ தனியே கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த நாள் இரவு நான் வந்து பிள்ளையைப் பாக்கட்டும்?"

கேட்டுவிட்டு, சொன்ன நாளில் போங்கள். கைபேசியைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போங்கள்.